குறுக்கே ஒரு கேள்வி: ‘இன்டரப்ட்’ பற்றிக் கேட்டவையும் பதில்களும்

‘இன்டரப்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

திருச்சி, பி.காம். மாணவி: இன்டரப்ட்னா குறுக்கே பேசுறதுதானே சார்? அதுக்கு மேல என்ன இருக்கு?

குறுக்கே பேசுவது அதன் ஒரு வேலை மட்டும்தான். லத்தீனில் ‘இன்டர்’ என்றால் இடையே, ‘ரும்பரே’ என்றால் உடைப்பது. ஓடிக்கொண்டிருக்கிற எதையும் நடுவில் உடைத்தால் இன்டரப்ட். அது பேச்சாக இருக்கலாம், தூக்கமாக, பயணமாக, மின்சாரமாக இருக்கலாம். கண்ணுக்கு எதிரே விரியும் காட்சியாகக்கூட இருக்கலாம். ஃபிளாட் விளம்பரத்தில் ‘அன்இன்டரப்டட் சீ வியூ’ என்று போட்டிருந்தால், உங்கள் ஜன்னலுக்கும் கடலுக்கும் நடுவே வேறு கட்டடம் இல்லை என்று அர்த்தம். அடுத்த வருஷமும் இருக்காது என்று அர்த்தமில்லை!

இன்னொன்று. உடைந்தது மறுபடி தொடரும் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதோடு முடிந்துபோனால் ‘ஸ்டாப்’ போதும். பழைய தூர்தர்ஷனில் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று அட்டை காட்டுவார்களே, அது அசல் இன்டரப்ஷன்.

எழுதும்போது இரண்டு ஆர் போட மறக்காதீர்கள். ‘இன்டர்’ ஒரு ஆரில் முடிகிறது, ‘ரப்ட்’ இன்னொரு ஆரில் தொடங்குகிறது. ‘கரப்ட்’, ‘பேங்க்ரப்ட்’, எரிமலையின் ‘இரப்ஷன்’ எல்லாம் இதே வேரின் பங்காளிகள்.

சென்னை, ஐ.டி.: மேனேஜர் கேபினுக்குள்ள போகும்போது ‘சாரி டு டிஸ்டர்ப் யூ’ சொல்லணுமா, ‘சாரி டு இன்டரப்ட்’ சொல்லணுமா?

இரண்டும் சரியான ஆங்கிலம். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அவர் போனிலோ யாரிடமோ பேசிக்கொண்டிருந்தால் இன்டரப்ட். சும்மா அமைதியாக உட்கார்ந்திருந்தால், அல்லது ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் போன் செய்தால், டிஸ்டர்ப். இன்டரப்ட் ஓட்டத்தை உடைக்கிறது, டிஸ்டர்ப் அமைதியைக் கலைக்கிறது. ஓட்டல் அறைக் கதவில் மாட்டும் அட்டையில் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ என்றுதான் இருக்கும். விளம்பர அழைப்பு வேண்டாம் என்று 1909-இல் பதிவு செய்கிறோமே, அந்த டி.என்.டி.யும் அதுதான்.

ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘பையன் கிளாஸ்ல ஒரே டிஸ்டர்பன்ஸ்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அதையே பெற்றோருக்குக் கடிதமாக எழுதும்போது ‘டிஸ்டர்ப்டு பாய்’ என்று எழுதிவிட்டால் விபரீதம். மனநிலை கலங்கிய பையன் என்று ஆகிவிடும். ‘டிஸ்ரப்ட்ஸ் தி கிளாஸ்’ என்று எழுதுங்கள்.

நாமக்கல், ஆசிரியர் பயிற்சி: ‘ஹி இன்டரப்டட் இன் மை ஸ்பீச்’ சரியா?

தவறு. ‘என் பேச்சில் குறுக்கிட்டான்’ என்பதில் உள்ள ‘இல்’ ஆங்கிலத்துக்குள் ‘இன்’ ஆக ஒட்டிக்கொண்டு போகிறது. ‘ஹி இன்டரப்டட் மை ஸ்பீச்’, ‘ஹி இன்டரப்டட் மீ’ போதும்.

‘இன்’ கேட்கிற சொற்கள் வேறு. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைத்தால் ‘இன்டர்ஃபியர் இன்’. குதிரை நடக்கும்போது ஒரு கால் இன்னொரு காலில் இடித்துக்கொள்வதற்கு ஏற்பட்ட சொல் அது. எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். சண்டையை விலக்கிவிட நடுவே போனால் ‘இன்டர்வீன் இன்’. இதில் பழியில்லை, பல நேரம் புண்ணியம்தான். ‘இன்டர்ஃபியர் வித்’ என்பதில் மட்டும் ஜாக்கிரதை. பிரிட்டிஷ் பத்திரிகையில் ஒரு குழந்தையைக் குறித்து அப்படி எழுதியிருந்தால் பாலியல் அத்துமீறலை நாசூக்காகச் சொல்கிறார்கள் என்று பொருள்.

பாலிடெக்னிக், மூன்றாமாண்டு: மைக்ரோபிராசசர் பாடத்துல வர்ற இன்டரப்டும் இதுவும் ஒண்ணா அண்ணா?

அதேதான் தம்பி. சொல்லப்போனால் மனிதர்களைவிட ஒழுங்கான இன்டரப்ட். பாடத்தில் வரும் 8085 என்ற மைக்ரோபிராசசரை எடுத்துக்கொள்ளுங்கள். டிராப், ஆர்.எஸ்.டி. 7.5, 6.5, 5.5, இன்டர் என்று ஐந்து வன்பொருள் இன்டரப்ட்கள். ஒன்று வந்தால் பிராசசர் பாதியில் எழுந்து ஓடாது. கையிலிருக்கும் இன்ஸ்ட்ரக்ஷனை முடிக்கும், திரும்பி வரவேண்டிய முகவரியை ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் வைக்கும், பிறகுதான் வந்தவரைக் கவனிக்கும் சர்வீஸ் ரொட்டீனுக்குப் போகும். முடிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பும். மேலே சொன்ன ‘மறுபடி தொடரும்’ என்ற எதிர்பார்ப்பு இங்கே கம்பியிலும் சிலிக்கானிலும் கட்டப்பட்டிருக்கிறது.

பரீட்சைக்கு மூன்று விஷயம். முகவரியை மட்டும்தான் அது தானாகச் சேமிக்கும். ரெஜிஸ்டர்களில், அதாவது பிராசசரின் உள் சேமிப்பிடங்களில், இருப்பதை நீங்கள்தான் ஸ்டாக்கில் போட (‘புஷ்’ செய்ய) வேண்டும். ஒரு இன்டரப்டை ஏற்றதும் மற்றவற்றுக்குக் கதவைச் சாத்திவிடும். ரொட்டீன் முடியும் முன் ‘ஈ.ஐ.’ (எனேபிள் இன்டரப்ட்ஸ், கதவைத் திறக்கும் கட்டளை) கொடுக்க மறந்தால் அடுத்தது உள்ளே வராது. டிராப் மட்டும் விதிவிலக்கு, அதைத் தடுக்கவே (‘மாஸ்க்’ செய்யவே) முடியாது. மின்சாரம் போகப்போகிறது என்பது போன்ற அவசரச் செய்திக்கு அது.

இன்டரப்ட் இல்லாவிட்டால் போலிங்தான். காலிங் பெல் இல்லாத வீட்டில் யாராவது வந்தார்களா என்று நிமிஷத்துக்கு ஒருமுறை வாசலுக்குப் போய்ப் பார்ப்பது மாதிரி.

உச்சரிப்பும் மாறும். வினைச்சொல்லில் அழுத்தம் கடைசி ‘ரப்ட்’டில், இந்தக் கணினிப் பெயர்ச்சொல்லில் முதல் ‘இன்’னில்.

நர்சிங் மாணவி: ‘இன்டரப்டட் சூச்சர்’னா தையல் பாதியில நின்னுடுச்சா?

இல்லைம்மா, நின்றுபோகவில்லை. ஒவ்வொரு தையலையும் தனித்தனியாக முடிச்சுப் போட்டு வெட்டுவது. ஒரே நூலாக ஓட்டிக்கொண்டே போவது ‘கன்டினியுவஸ்’. தனித்தனியில் நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் ஒன்று அவிழ்ந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும்.

கோவை: யு.பி.எஸ். விரிவாக்கம்?

அன்இன்டரப்டிபிள் பவர் சப்ளை. ‘அன்இன்டரப்டட்’ அல்ல.

பெங்களூரு, பெயர் வேண்டாம் என்றவர்: மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தாலே யாராவது வெட்டிப் பேசுகிறார்கள். எப்படித் தடுப்பது? நான் உள்ளே புகவேண்டுமென்றால் எப்படிச் சொல்வது?

புகுவதற்கு: ‘மே ஐ கம் இன் ஹியர்?’ போதும். ‘சாரி டு இன்டரப்ட், பட்...’ என்றும் தொடங்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் சாரி கேட்டால் உங்கள் கருத்துக்கே மதிப்புக் குறையும்.

தடுப்பதற்கு: ‘லெட் மீ ஃபினிஷ்.’ குரலை உயர்த்தாமல் அதே வேகத்தில் சொல்லுங்கள். 2020 அக்டோபர் 7 அன்று அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் விவாதத்தில் மைக் பென்ஸ் குறுக்கிட்டபோது கமலா ஹாரிஸ் சொன்னது ‘ஐ ஆம் ஸ்பீக்கிங்’. இரண்டு நொடிகூட ஆகாது. நம் மக்களவையில் இன்னும் முறைப்படி: இடையே பேச விரும்புபவருக்குப் பேசுகிறவர் இடம் விட்டால் அது ‘யீல்ட்’ செய்வது. விடாமல் எல்லோரும் கத்தினால் அவைக்குறிப்பில் அடைப்புக்குறிக்குள் ‘இன்டரப்ஷன்ஸ்’ என்று ஒரே சொல்லாகப் பதிவாகும். யார் என்ன கத்தினார் என்பது வரலாற்றுக்குக் கிடைக்காது.

ஆனால் கூடவே பேசுகிறவர் எல்லோரும் வெட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டெபரா டானன் என்ற மொழியியலாளர் இதைப் பிரித்துக் காட்டினார்: ஆர்வத்தில் கூடவே பேசுவது வேறு, பேச்சைப் பிடுங்கிக்கொள்வது வேறு. நம் கல்யாண வீடுகளில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசி நாலு பேருக்கும் புரிகிறதே, அது முதல் வகை. அந்த ஆள் பேசியபிறகு பேச்சு உங்களிடம் திரும்பி வருகிறதா என்று கவனியுங்கள். வரவில்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள்.

மதுரை: ‘சிவபூஜையில் கரடி’க்கு ஆங்கிலம்?

‘பார்ஜ் இன்’ கிட்டத்தட்ட வரும், கரடி வராது. பேச்சுக்குள் மட்டும் புகுந்தால் ‘பட் இன்’. ‘பிரேக் இன்’ என்று எழுதிவிட்டால் படிப்பவர் முதலில் திருடனைத்தான் நினைப்பார். குறுக்குச்சால் ஓட்டுகிறவர் விஷயம் வேறு. காரியத்தையே கெடுக்கிறாரென்றால் ‘டிஸ்ரப்ட்’.

சப்டைட்டில் எழுதுபவர்: வசனத்தை இன்னொருவர் வெட்டும்போது மூன்று புள்ளி வைப்பதா, கோடு வைப்பதா?

மற்றவர் வெட்டினால் நீளக்கோடு, பேசுகிறவரே இழுத்து விட்டால் மூன்று புள்ளி. ஆங்கில வழக்கு அது, தமிழிலும் அப்படியே வைக்கலாம். உங்கள் உண்மையான தலைவலி வேறு. ஆங்கிலத்தில் மறுப்பு முன்னாலேயே வந்துவிடும்: ‘ஐ டிட்ன்ட் கில்—’ என்று வெட்டினாலும் அவன் மறுக்கிறான் என்று தெரிந்துவிடும். நமக்கு ‘இல்லை’ கடைசியில்தான். ‘நான் அவரைக் கொல்ல—’ என்று வெட்டினால் பார்ப்பவர் வாக்குமூலம் என்றே நினைத்துக்கொள்வார். ‘நான் இல்லை சார், அவரை—’ என்று வரிசையை மாற்றி எழுதிவிட்டு அங்கே வெட்டுங்கள்.