பால் இல்லாத சாக்லேட் மிட்டாய்: பாகை விட்டுவிட்டுப் பேரீச்சையை எடுங்கள்

கேள்வி: என் மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீகன் உணவுக்கு மாறிவிட்டதால் பால், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. தேங்காய் வைத்த சாக்லேட்டும், வேர்க்கடலை-கேரமல் சாக்லேட்டும் சிறு வயதிலிருந்தே அவளுக்கு உயிர். அவற்றை வீட்டிலேயே செய்துகொடுக்க நினைத்து டார்க் சாக்லேட்டை உருக்கினேன். ஆரோக்கியமாக இருக்கட்டும் என்று வெல்லப்பாகு ஊற்றினேன். உடனே எல்லாம் கட்டிதட்டிப் போய்விட்டது. எங்கே தவறு செய்தேன்? சர்க்கரை குறைவாகவும், விடுதிக்கு அனுப்பும்படியாகவும் இதைச் செய்ய முடியுமா?
— ஒரு வாசகி, கோவை

பதில்: பாகில் இருந்த தண்ணீர்தான் உங்கள் சாக்லேட்டைக் கெடுத்தது. உருகிய சாக்லேட் என்பது கோகோ கொழுப்பில் மிதக்கும் நுண்ணிய கோகோத் துகள்களும் சர்க்கரைத் துகள்களும்தான். அதில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விழுந்தாலும் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈரக் கரண்டி, பாத்திரத்தின் அடியிலிருந்து எழும் ஆவி, சரியாகத் துடைக்காத கிண்ணம், இவை ஒவ்வொன்றும் அதே வேலையைச் செய்யும். கட்டிதட்டியதை இன்னும் எறியவில்லை என்றால், 100 கிராமுக்கு நான்கைந்து மேசைக்கரண்டி சூடான தேங்காய்ப்பால் சேர்த்து நன்றாகக் கிளறுங்கள். குழைந்து சாஸாகிவிடும். வாழைப்பழத்தின் மேல் ஊற்றிச் சாப்பிடலாம். ஆனால் மிட்டாய்க்கு மேல்பூச்சாக அது இனி உதவாது.

வெல்லத்தைப் பொடித்துப் போட்டால் என்ன என்று நினைப்பீர்கள். கொழுப்பில் வெல்லம் கரையாது, நாக்கில் நறநறக்கும். சாக்லேட் தொழிற்சாலைகளில் துகள்களை ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு அரைக்கிறார்கள். எந்த மிக்ஸியாலும் அது ஆகாது. அதனால் சாக்லேட்டையே வீட்டில் தயாரிக்கும் முயற்சியை விட்டுவிடுங்கள். நல்ல சாக்லேட்டாகப் பார்த்து வாங்கி, உள்ளே வைக்கும் பூரணத்தை மட்டும் நீங்கள் செய்யுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் வழி அங்கேதான் இருக்கிறது. வெல்லமும் பெரும்பகுதி சர்க்கரைதான் என்பதால், அதற்கு மாறுவதால் பெரிய லாபம் எதுவும் இல்லை.

கடையில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பச்சைப் புள்ளி சைவம் என்று மட்டுமே சொல்கிறது. பால் சேர்த்த பொருளுக்கும் அது உண்டு. வீகன் உணவுகளுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி முத்திரை வைத்திருக்கிறது: பச்சை நிற 'வி' எழுத்தும் அதன்மேல் ஒரு சிறு செடியும். அது இல்லாவிட்டால் மூலப்பொருள் பட்டியலைப் படித்தே ஆக வேண்டும். டார்க் சாக்லேட் என்று பெயர் இருந்தாலும் பால் திடப்பொருள், பால் கொழுப்பு, வே பவுடர் (பால் திரியும்போது பிரியும் நீரின் பொடி) ஆகியவை பலவற்றில் இருக்கின்றன. கோகோ பட்டர் கோகோ விதையின் கொழுப்பு, அதில் பால் கிடையாது. சோயா லெசித்தினும் செடியிலிருந்து வருவதுதான். பலரும் ஏமாறும் இடம் தேங்காய்ப்பால் பவுடர். பல பவுடர்களில் சோடியம் கேசினேட் என்ற பால் புரதம் கலந்திருக்கிறது. தேங்காயைத் துருவிப் பிழிந்துகொள்வதே நிம்மதி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டில் யாருக்காவது பால் ஒவ்வாமை இருந்தால் வீகன் முத்திரையை நம்பி மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பால் சாக்லேட் ஓடும் அதே இயந்திரத்தில் செய்திருக்கலாம். 'பாலின் சுவடு இருக்கலாம்' என்ற எச்சரிக்கை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

'காம்பவுண்ட்' என்று விற்கும் மலிவான கட்டிகளை வாங்காதீர்கள். அவற்றில் கோகோ கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு இருக்கும், சர்க்கரையும் அதிகம். 70 சதவீதம் கோகோ உள்ள டார்க் சாக்லேட் வாங்கினால் 100 கிராமில் சர்க்கரை ஏறக்குறைய 30 கிராம். சாதாரண பால் சாக்லேட்டில் பாதி எடை சர்க்கரையாகவே இருக்கும். கசப்பு பிடிக்காதவர்கள் 55 சதவீதத்தில் தொடங்கலாம். பூரணத்தில் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் கசப்பு நன்றாக அடங்கும்.

இனி தேங்காய் மிட்டாய். 120 கிராம் உலர் தேங்காய்த் துருவல், விதை நீக்கிய மென்மையான பேரீச்சை 60 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 4 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. பேரீச்சையைத் தேங்காய்ப்பாலுடன் விழுதாக அரைத்து, அதில் துருவலைப் போட்டுப் பிசையுங்கள். கையில் அழுத்திப் பிடித்தால் உடையாமல் நிற்க வேண்டும். விரலிடுக்கில் பால் கசிந்தால் இன்னும் கொஞ்சம் துருவல் தேவை. நெல்லிக்காய் அளவில் 16 துண்டுகளாகப் பிடித்து, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். ஃபிரீசரில் வைக்காதீர்கள். உறைந்த துண்டை வெளியே எடுத்ததும் மேலே நீர் வேர்க்கும், அந்த ஈரமே சாக்லேட்டைத் திரிக்கும். தப்பித் தவறி ஒட்டினாலும், உள்ளிருக்கும் குளிர்ந்த பூரணம் சூடேறி விரியும்போது மேல் ஓடு வெடித்துவிடும்.

வேர்க்கடலை மிட்டாய்க்குக் கேரமல் காய்ச்ச வேண்டியதில்லை. வறுத்துத் தோல் நீக்கிய கடலையை மிக்ஸியில் அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு ஓரங்களில் அப்பும். நிறுத்தி வழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் எண்ணெய் பிரிந்து மின்னும் விழுதாக இறங்கும். தண்ணீரோ எண்ணெயோ விட வேண்டாம், பொறுமை போதும். மிக்ஸி சூடானால் ஓய்வு கொடுங்கள். அந்த விழுதில் 2 மேசைக்கரண்டி, மென்மையான பேரீச்சை 100 கிராம், உப்பு சேர்த்து அரைத்தால் கேரமலின் நிறமும் இழுப்பும் வந்துவிடும். அதனுடன் 50 கிராம் முழுக்கடலையை அழுத்திப் பதித்துத் துண்டு போடுங்கள்.

மேல்பூச்சுக்கு 200 கிராம் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். மீதியைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல், நீரைத் தொடாதபடி வைத்த கிண்ணத்தில் 45 டிகிரி செல்சியஸ் வரை உருக்குங்கள். கிண்ணத்தை இறக்கி அடியைத் துடைத்துவிட்டு, எடுத்து வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 31-32 டிகிரிக்கு வரும்வரை கிளறுங்கள். வெப்பமானி இல்லையென்றால் ஒரு துளியைக் கீழுதட்டில் தொட்டுப் பாருங்கள். மிக லேசாகக் குளிர்ந்தது தெரிய வேண்டும். இப்படிச் செய்தால்தான் கோகோ கொழுப்பு சரியான படிகமாக இறுகி, பளபளப்பும் கடித்தால் 'டக்'கென்று முறியும் ஓசையும் கிடைக்கும். சூடான அறையில் இது கைகூடாது. கோவையில் மார்கழி, தை மாதக் காலைகளில் சமையலறையிலேயே செய்யலாம். மற்ற மாதங்களில் ஏசி அறைக்குப் போங்கள். இந்தச் சிரமமே வேண்டாமென்றால் வெறுமனே உருக்கித் தோய்த்து ஃபிரிட்ஜிலேயே வைத்து உண்ணலாம். நாளடைவில் மேலே வெண்மை படரும். அது கொழுப்பு மேலே வந்து உறைவது, பூஞ்சை அல்ல, பயமில்லாமல் சாப்பிடலாம்.

தேங்காய் எண்ணெயில் கோகோ பவுடரைக் கலந்தாலே சாக்லேட் என்று சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள். அந்த எண்ணெய் 24-25 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். மார்கழியில் பாட்டிலில் உறையும் எண்ணெய் சித்திரையில் எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு தேங்காய் மிட்டாயில் ஏறக்குறைய 8 கிராம் சாக்லேட் ஒட்டும். பேரீச்சையின் இயற்கைச் சர்க்கரையையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு துண்டில் ஐந்து கிராம் அளவுக்குத்தான் சர்க்கரை. அதே எடை பால் சாக்லேட்டில் இது இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். ஆனால் கலோரி 110-க்குக் குறையாது, தேங்காயின் நிறைகொழுப்பும் இருக்கிறது. நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நீரிழிவு உள்ளவர்கள் பேரீச்சையையும் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

தோய்த்தபின் கிண்ணத்தில் மிஞ்சும் சாக்லேட்டில் வாணலியில் வறுத்து ஆறவைத்த பொரியைக் கொட்டிப் புரட்டி, தட்டில் பரப்பி உறையவிடுங்கள். மொறுமொறுப்பான சாக்லேட் பார் கிடைக்கும். மூன்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான். சர்க்கரையும் இதில்தான் குறைவு, ஏனென்றால் பொரி நிறைய இடத்தை அடைத்துக்கொள்கிறது.

சேமிக்கும்போது காற்றுப் புகாத டப்பா அவசியம். ஃபிரிட்ஜில் இருக்கும் இட்லி மாவு, பெருங்காயம் எல்லாவற்றின் வாசனையையும் கோகோ கொழுப்பு இழுத்துக்கொள்ளும். தேங்காய்ப்பால் சேர்த்ததை நான்கைந்து நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

விடுதிக்கு அனுப்புவது பற்றி: சாக்லேட் பூசியவற்றை பஸ் பார்சலில் அனுப்பாதீர்கள். கோகோ கொழுப்பு 34 டிகிரியில் உருகிவிடும்; பகல் வெயிலில் பார்சல் பெட்டிக்குள் அதைவிடச் சூடாக இருக்கும். வேர்க்கடலை-பேரீச்சைக் கலவையை, ஈரம் சேர்க்காமல், சிறு உருண்டைகளாகப் பிடித்து இனிப்பில்லாத கோகோ பவுடரில் புரட்டி அனுப்புங்கள். ஃபிரிட்ஜ் இல்லாமலே சில நாள் தாங்கும். தேங்காய் மிட்டாயை மகள் ஊருக்கு வரும் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.