ட்ரோனுக்குப் பெரிய பேட்டரியா, இன்னொரு பேட்டரியா?

கேள்வி: என் ட்ரோன் 30 நிமிடம் பறக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. 20 நிமிடத்திலேயே இறங்கச் சொல்லி எச்சரிக்கை வருகிறது. கொள்ளளவு அதிகமான பேட்டரி வாங்கலாமா, அதே பேட்டரியில் இன்னும் இரண்டு வாங்கலாமா? வேறு கம்பெனிக்காரர்கள் பாதி விலைக்கு இரண்டு மடங்கு எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: உங்கள் ட்ரோனில் கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. பெட்டியில் உள்ள கணக்கு, காற்று வீசாத இடத்தில் பேட்டரி தீரும்வரை பறக்கவிட்டு எடுத்தது. நாம் 20, 25 சதவீதம் மிச்சம் வைத்து இறக்கியாக வேண்டும்.

அதே பேட்டரியில் இரண்டு வாங்குங்கள். பெரியதைப் போட்டால் எடை கூடும், அந்த எடையைத் தூக்கவே கூடுதல் மின்சாரம் போகும். மொத்த எடை 20 சதவீதம் ஏறினால், நின்ற இடத்தில் மிதக்கவே ஏறக்குறைய 30 சதவீதம் அதிக சக்தி வேண்டும். டிஜேஐ கம்பெனியின் மினி 3 ட்ரோனைப் பாருங்கள். சாதாரண பேட்டரி 2453 எம்ஏஎச், 38 நிமிடம். பிளஸ் பேட்டரி 3850 எம்ஏஎச், 51 நிமிடம். கொள்ளளவு 57 சதவீதம் கூடியும் நேரம் 34 சதவீதம்தான் கூடியது. அதோடு ட்ரோனின் எடை 250 கிராமைத் தாண்டிவிடுகிறது. பல நாடுகளில் அந்த எல்லைக்கு மேல் விதிமுறைகள் கடுமை. நடுவில் இறக்காமல் ஒரே மூச்சில் படம்பிடித்தே ஆக வேண்டும் என்றால் மட்டும், கம்பெனியே தரும் பெரிய பேட்டரியை வாங்கலாம். வெளியே வாங்கி டேப் சுற்றிக் கட்டுவது வேண்டவே வேண்டாம்.

பாதி விலை பேட்டரியைத் தராசில் வைத்துப் பாருங்கள். அசல் பேட்டரியின் எடையே இருந்துகொண்டு இரண்டு மடங்கு எம்ஏஎச் என்று ஒட்டியிருந்தால், அந்த எண் பொய். லித்தியம் பேட்டரியில் கொள்ளளவு கூடினால் எடையும் கூடித்தான் ஆகும். இன்னொன்று, உயிருக்கே ஆபத்தானது: சில ட்ரோன் பேட்டரிகளில் ஒரு செல் 4.35 வோல்ட் வரை ஏறும், சாதாரண லிப்போவில் (லித்தியம் பாலிமர் பேட்டரியில்) 4.2தான். இந்த இரண்டாம் வகையை முதல் வகைக்கான சார்ஜரில் போட்டால் வீங்கும், தீப்பிடிக்கவும் கூடும். எம்ஏஎச் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வோல்ட்டேஜைப் பாருங்கள்.

கேள்வி: மூன்று பேட்டரி போடும் ஹப் வாங்கினால் மூன்றும் ஒரே நேரத்தில் ஏறிவிடுமா?

பதில்: பெரும்பாலும் ஏறாது. பல ஹப்கள் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொடும். ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்றால் மூன்றுக்கும் மூன்று மணி நேரம். வாங்கும் முன் இதைக் கடையில் கேட்டுவிடுங்கள். பழைய போன் சார்ஜரைச் செருகிவிட்டு ஹப்பைக் குறை சொல்பவர்கள் நிறைய. 18 வாட்-அவர் (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) பேட்டரிக்கு 10 வாட் சார்ஜர் போட்டால் இரண்டு மணி நேரம் போய்விடும். ஹப் கேட்கும் வாட்டைத் தரும் சார்ஜரையே வாங்குங்கள்.

பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், ஆறட்டும். பல நாள் பறக்கப்போவதில்லை என்றால் பாதி, அல்லது 60 சதவீதம் வரை வைத்து எடுத்து வையுங்கள். முழுதாக ஏற்றியே வைத்திருந்தால் சீக்கிரம் வீங்கும். வீங்கியதைத் திரும்பப் பறக்கவிடக் கூடாது. விமானத்தில் போவதானால் உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், முனைகளை மூடி. 100 வாட்-அவருக்கு மேல் இருந்தால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.