நடுவானில் உடைந்த விமானம்: முதலில் விட்டது எந்த இடம்?

கேள்வி: விமானப் பராமரிப்புப் படிப்பு படிக்கிறேன். 2002-இல் தைவான் அருகே நடுவானில் உடைந்த சைனா ஏர்லைன்ஸ் 747-க்கு, 22 ஆண்டுகளுக்கு முன் செய்த ரிப்பேர்தான் காரணம் என்கிறார்கள். கடலடியில் சிதறிக் கிடந்த துண்டுகளை வைத்துக்கொண்டு, குண்டு இல்லை, பழைய ரிப்பேர்தான் என்று எப்படி அடித்துச் சொல்ல முடிகிறது? ஹேங்கரில் இப்படியொரு ரிப்பேரைப் பார்த்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: விசாரணையாளர்கள் எடுத்த எடுப்பில் காரணத்தைத் தேடுவதில்லை. விமானத்தில் எந்த இடம் முதலில் விட்டது என்று தேடுகிறார்கள். அது கிடைத்துவிட்டால் காரணங்களின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

2002 மே 25 அன்று தைபேயிலிருந்து ஹாங்காங் கிளம்பிய 611-ஆம் விமானம், ஏறக்குறைய 35,000 அடியில், பெங்கு தீவுகளுக்கு அருகே ரேடாரில் சிதறியது. 225 பேரும் இறந்தார்கள். அபாய அழைப்பு வரவில்லை. கறுப்புப் பெட்டிகள் இரண்டும் ஏறக்குறைய ஒரே கணத்தில் நின்றுபோயிருந்தன; அதுவரை இயந்திரங்களிலோ கட்டுப்பாட்டிலோ கோளாறு எதுவும் பதிவாகவில்லை. பெட்டிகள் வால்பக்கம் இருப்பவை. மின்சாரம் இப்படிச் சட்டென்று அறுந்திருந்தால் பார்வை பின்பகுதிக்குத்தான் போகும். ஆனால் அது சந்தேகம் மட்டுமே, சான்று ஆகாது.

அடுத்து, எந்தத் துண்டு எங்கே விழுந்தது என்ற வரைபடம். பறந்த பாதையில் முதலில் விழுந்து கிடப்பதே முதலில் கழன்றது என்று நினைத்துவிடக் கூடாது. லேசான தகடு காற்றோடு பல கிலோமீட்டர் போகும். இயந்திரம் போன்ற கனமான துண்டு அதன் வேகத்திலேயே முன்னோக்கிப் போய் விழும். ஒவ்வொரு துண்டின் எடை, வடிவம், ஒவ்வொரு உயரத்திலும் இருந்த காற்றின் திசை, வேகம் எல்லாவற்றையும் போட்டுப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். 1996-இல் நியூயார்க் அருகே வெடித்த, டிடபிள்யூஏ நிறுவனத்தின் 800-ஆம் விமானத்தில், கிளம்பிய விமான நிலையத்துக்கு மிக அருகே கிடந்தவை நடு எரிபொருள் தொட்டியை ஒட்டிய துண்டுகள். முன்பகுதி அதற்கு அப்பால், இறக்கைகளும் பின்பகுதியும் இன்னும் அப்பால். உடைந்த வரிசை அதிலேயே தெரிந்தது.

துண்டுகள் கைக்கு வந்ததும் செய்யும் வேலையில்தான் பலர் சொதப்புகிறார்கள். வெடிமருந்துத் தடயத்துக்கான துடைப்பு மாதிரியை, கழுவுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பிறகு உப்பு போக நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, உடைந்த பரப்பான முறிவு முகத்தை அரிப்பு ஏறாமல் காக்க வேண்டும். கறுப்புப் பெட்டி மட்டும் இதற்கு நேர்மாறு: அதை உலர விடாமல் நல்ல தண்ணீரில் மூழ்கவைத்தே ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முறிந்த இரு விளிம்புகளைப் பொருந்துகிறதா என்று ஒன்றோடொன்று அழுத்திப் பார்க்கவே கூடாது. நுண்ணோக்கியில் படிக்க வேண்டிய வரிகளை அந்த ஒரு உரசல் அழித்துவிடும்.

உடைந்த விமானத்தின் முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை பின்விளைவுகள். திடீர்ச் சுமையில் கிழிந்த தகட்டின் விளிம்பு 45 பாகை சரிவாக, சொரசொரப்பாக இருக்கும். திரும்பத் திரும்ப வரும் சுமையால் மெல்ல வளரும் சோர்வு விரிசலின் முகம் தட்டையாக இருக்கும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சிறிது சிறிதாக விட்டுக்கொடுப்பதைப் போல, ஒவ்வொரு முறை கேபினில் அழுத்தம் ஏறி இறங்கும்போதும் விரிசல் கொஞ்சம் நகர்ந்ததன் கோடுகள் அதில் இருக்கும். ஒரு கிழிசல் இன்னொன்றில் போய் முட்டி நின்றால், முட்டியதே பிந்தையது. இப்படியே பின்னோக்கிப் போனால் ஒரு தொடக்கப் புள்ளி மிஞ்சும். குண்டு என்றால் அங்கே பூவிதழ் போல் விரிந்து சுருண்ட ஓரங்களும், அம்மை வடு போன்ற சிறு குழிகளும், சூடான வாயு அரித்த தடமும் இருக்க வேண்டும். வேதியியல் தடயம் மட்டும் போதாது. டிடபிள்யூஏ 800-இல் வெடிமருந்துத் தடயம் கிடைத்தும், தகடுகளில் அந்த வடுக்கள் இல்லாததால் குண்டு இல்லை என்று முடிவானது.

611-இல் அந்தப் புள்ளி, 640 என்று எண்ணிட்ட துண்டில், வால்பக்க அடிவயிற்றில் இருந்தது. 1980 பிப்ரவரியில் ஹாங்காங்கில் தரையிறங்கும்போது வால் ஓடுபாதையில் உரசியிருந்தது. தயாரிப்பாளரின் மேனுவல்படி, கீறல் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தால் சேதமான தோலை (விமான உடலின் வெளித்தகட்டை) வெட்டி எடுக்க வேண்டும். ஆனால் கீறல்களை அப்படியே விட்டு மேலே டப்ளர் எனும் ஒட்டுத் தகட்டை ரிவெட் அடித்திருந்தார்கள். அது சேதம் முழுவதையும் சரியாக மூடவுமில்லை. கீறல்களிலிருந்து பல இடங்களில் விரிசல் தொடங்கியது. தோலை முழுவதும் ஊடுருவிய முதன்மை விரிசல் மட்டும் சுமார் 15 அங்குலம். டப்ளரின் உட்புறத்தில் விரிசல் திறந்து மூடி உரசிய தடங்களைக் கொண்டு, உடையும் முன்பே குறைந்தது 71 அங்குலத்துக்குத் தொடர்ந்த விரிசல் இருந்ததாகத் தைவான் விசாரணைக் குழு கணித்தது. பக்கத்துப் பக்கத்தில் பல விரிசல்கள் இருந்தால், ஒன்றைத் தடுத்து நிறுத்தும் நல்ல தோல் நடுவில் மிஞ்சாது. என்னைக் கேட்டால் உரசல் தடங்கள்தான் இந்த வழக்கின் மிக வலுவான சான்று. விழுந்து சிதறும்போது அப்படிப்பட்ட தடம் உண்டாக வழியில்லை.

ஹேங்கரில்: டப்ளரைப் பார்த்ததும் அதன் ஆவணத்தைத் தேடுங்கள். அடியிலுள்ள தோல் வெட்டி எடுக்கப்பட்டதா, கீறல் எவ்வளவு ஆழம், தகடு சேதத்தைத் தாண்டி எத்தனை ரிவெட் வரிசை போகிறது என்பது அதில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து செய்யும் உயர் அலைவரிசை எடி கரண்ட் சோதனை (மின்காந்த முறையில் விரிசல் தேடுவது) மேல் தகட்டைத்தான் பார்க்கும். கீழே மறைந்திருக்கும் தோலைக் காட்டாது. விரிசல் தோலின் வெளிப்பக்கத்தில் தொடங்குவதால், அது முழுவதும் ஊடுருவும்வரை உள்ளேயிருந்து கண்ணால் பார்த்தும் தெரியாது. எந்தப் பக்கத்திலிருந்து எந்த முறையில் சோதிப்பது என்பதைப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். டப்ளர் ஓரத்திலிருந்து பின்னோக்கி ஓடும் பழுப்புக் கறையைத் துடைத்துவிட்டுப் போகாதீர்கள்; அது கேபின் காற்று கசிந்ததன் அடையாளமாக இருக்கலாம். 611-க்குப் பழைய ரிப்பேர்களை மறுமதிப்பீடு செய்ய 2001 நவம்பரில் எடுத்த படங்களில் அந்தக் கறை தெரிகிறது. மதிப்பீடு 2002 நவம்பருக்குத் திட்டமிடப்பட்டிருந்தது.