பட்டினி கிடந்த குதிரைக்கு முதல் பத்து நாள்

கேள்வி: நான் பால்மாடு வளர்க்கும் விவசாயி. குதிரை வளர்த்த அனுபவம் கிடையாது. ஆளில்லாத கொட்டகையில் தீனியில்லாமல் கட்டிக் கிடந்த ஒரு பெட்டைக் குதிரையை விலங்கு மீட்புக் குழுவினர் மீட்டார்கள். வைக்க இடமில்லை என்றார்கள், நான் தத்தெடுத்துக்கொண்டேன். வந்து இரண்டு நாள் ஆகிறது. விலா எலும்பை எண்ணிவிடலாம். குளம்புகள் முன்பக்கம் நீண்டு மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. முடி திட்டுத் திட்டாக உதிர்கிறது. மாட்டுக்கு வைக்கும் கலப்புத் தீவனம், தவிடு, மக்காச்சோளம் எல்லாம் வைத்தேன், ஆவலாகத் தின்கிறது. எவ்வளவு வைக்கலாம்? குடற்புழு மருந்தை உடனே கொடுக்கலாமா? குளம்பை எப்போது வெட்டுவது? என் மகன் ஏறிப் பழக எவ்வளவு நாளாகும்?

பதில்: முதலில் தீவனத் தொட்டியைக் காலி செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். கலப்புத் தீவனம், தவிடு, மக்காச்சோளம் மூன்றையும் இன்றே நிறுத்த வேண்டும். பசித்த வாயைப் பார்த்து மனசு கேட்காமல்தான் வைத்திருப்பீர்கள். ஆனால் மாதக்கணக்கில் பட்டினியைத் தாங்கிய குதிரைகூட, வயிறு நிறையத் தானியம் தின்ற பிறகு மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் திடீரென்று சாய்ந்து செத்துப்போவதுண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி ஒன்றை நானே பறிகொடுத்திருக்கிறேன். எலும்பும் தோலுமாக வந்தது, வாளி வாளியாக ஓட்ஸ் வைத்தோம், தின்றதைப் பார்த்து மகிழ்ந்தோம். நாலாம் நாள் காலையில் கால் தள்ளாடியது, பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காரணம் இதுதான். தீனி இல்லாதபோது உடம்பு முதலில் தன் கொழுப்பைக் கரைக்கிறது, பிறகு தசையைக் கரைக்கிறது. அதில் இதயத் தசையும் அடக்கம். கூடவே பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றின் இருப்பும் வற்றிவிடுகிறது. அந்த நிலையில் மாவுச்சத்து மிகுந்த தானியம் உள்ளே போனால் இன்சுலின் சட்டென்று கூடும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்சத் தாதுக்களையும் அது செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயமும் மூச்சுத் தசைகளும் வேலை செய்யத் தேவையானது ரத்தத்தில் இல்லாமல் போகிறது.

டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பட்டினிக் குதிரைகளுக்கு மூன்று விதமான தீனி கொடுத்துப் பார்த்தார்கள்: குதிரை மசால் (ஆல்ஃபால்ஃபா என்ற தீவனப்பயிர்) உலர்தீவனம், ஓட்ஸ் செடியின் உலர்தீவனம், ஓட்ஸ் உலர்தீவனத்தோடு மக்காச்சோள எண்ணெய். குதிரை மசால்தான் சிறந்தது என்று தெரிந்தது. அதில் மாவுச்சத்து குறைவு, புரதமும் பாஸ்பரஸும் மக்னீசியமும் அதிகம். அவர்கள் சொன்ன அளவையே நானும் பின்பற்றுகிறேன். முதல் மூன்று நாள், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக உலர்ந்த குதிரை மசால், இரவிலும்தான். ஒரு நாளுக்கு மொத்தம் சுமார் 2.7 கிலோ வரும். நாலாம் நாளிலிருந்து வேளையைக் குறைத்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஆறாம் நாளில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுமார் 2 கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். பத்து நாள் தாண்டியதும், தின்கிற அளவுக்கு வைத்து நாளுக்கு இரண்டு வேளையாக்கலாம். இது பெரிய உடல்வாகுள்ள குதிரைக்கான கணக்கு, உங்களுடையது சிறியதென்றால் அதற்கேற்பக் குறையுங்கள். நீங்கள் ஏற்கெனவே இரண்டு நாள் தானியம் வைத்துவிட்டதால், இன்றையே முதல் நாளாக வைத்து எண்ணத் தொடங்குங்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து போய் வைப்பது சிரமம்தான், வீட்டில் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

மசால் கிடைக்கவில்லையென்றால் பூஞ்சணம் இல்லாத நல்ல உலர்புல்லை இதே போல வேளைக்குக் கொஞ்சமாக வைக்கலாம். பூஞ்சணம் பிடித்த எதுவும் வேண்டாம். மாடு ஓரளவுக்குச் சமாளித்துவிடும், குதிரையால் முடியாது. குதிரைக்கு வாந்தியும் எடுக்க வராது. வயிற்றுக்குள் போனது குடல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். தண்ணீர் எந்நேரமும் சுத்தமாக இருக்கட்டும், நக்குவதற்கு ஒரு உப்புக்கட்டியும் வையுங்கள்.

மாட்டுத் தீவனத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், மாடு வளர்ப்பவர்கள் பலருக்கும் இது தெரிவதில்லை. சில மாட்டுத் தீவனங்களிலும் கோழித் தீவனங்களிலும் மோனென்சின் என்ற மருந்தைக் கலக்கிறார்கள். மாட்டை ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துவிடும். மூட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். அந்தப் பெயர் இருந்தால், குதிரை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் கால்நடை மருத்துவரிடம் உடனே சொல்லிவிடுங்கள். இனி மாட்டுத் தீவன மூட்டையைக் குதிரையின் மூக்கு எட்டாத இடத்தில் அடுக்குங்கள்.

மருத்துவரை எப்படியும் இன்றோ நாளையோ வரவழைக்க வேண்டும். ரத்தத்தில் தாது அளவும் சிறுநீரகம், ஈரல் நிலையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வரும்வரை காலையும் மாலையும் நீங்களே சிலவற்றைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஓய்வாக நிற்கும் பெரிய குதிரைக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரல் வைத்தால் துடிப்பு தெரியும். மூச்சு 8 முதல் 16 வரை, உடல்வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். சாணம் எத்தனை முறை போட்டது என்றும் எழுதுங்கள். காலால் தரையைப் பிறாண்டுவது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, படுத்துப் புரள்வது எல்லாம் வயிற்று வலிக்கு அடையாளம். படுத்தது எழ முடியாமல் கிடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பெட்டைக் குதிரை என்கிறீர்கள். சினையா என்று பார்க்கச் சொன்னீர்களா? இவ்வளவு மெலிந்த பின்னும் வயிற்றில் குட்டியைத் தாங்கி நிற்கும் குதிரைகள் உண்டு. மெலிந்த உடம்பில் வயிறு மட்டும் தொங்கினால் புழுதான் காரணம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். குதிரைக்குச் சினைக்காலம் சுமார் 11 மாதம். சினை என்றால் தீனிக் கணக்கும் மருந்தும் மாறும், ஆகவே முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

குடற்புழு மருந்துக்கு அவசரம் வேண்டாம். புழு நிச்சயம் இருக்கும். ஆனால் தெம்பே இல்லாத உடம்பில் அத்தனை புழுவையும் ஒரே நாளில் கொன்றால், செத்த புழுக்களே குடலை அடைக்கலாம், குடல் சுவர் வீங்கவும் செய்யலாம். சாணத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்து முட்டைக் கணக்கைப் பாருங்கள், தீனி ஒத்துக்கொண்டு கொஞ்சம் தேறியதும் மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுக்கலாம். மெலிந்த குதிரைக்கு மாக்சிடெக்டின் கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த மருந்து கொழுப்பில் தங்கக்கூடியது, உங்கள் குதிரையிடம் கொழுப்பே இல்லை. டெட்டனஸ் விஷயம் வேறு. குதிரையைப் போல அந்த நோய்க்கு எளிதில் ஆளாகும் கால்நடை குறைவு. கயிறு அறுத்த புண்ணோ குளம்பில் ஓட்டையோ இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் கேளுங்கள்.

முடி உதிர்வதற்குப் பட்டினியே காரணமாக இருக்கலாம், பேனோ சொறியோ படர்தாமரையோகூட இருக்கலாம். குதிரைப் பேன் மாட்டுக்குத் தொற்றாது. படர்தாமரை என்றால் மாட்டுக்கும் மனிதருக்கும் தொற்றும், தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். என்னவென்று தெரியும்வரை மாட்டிலிருந்து தள்ளி, மழையும் காற்றும் படாத இடத்தில், தரையில் நிறைய வைக்கோல் பரப்பிக் கட்டுங்கள். சதையில்லாத உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், இடுப்பெலும்பு தரையில் உரசிப் புண்ணாகிவிடும்.

அப்புறம் குளம்பு. நீண்டு வளைந்ததைப் பார்த்தவுடன் ஒரே வெட்டில் சரி செய்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். வேண்டாம். பல மாதமாக அந்தக் கோணல் குளம்பில் நின்று நின்று கால் நரம்பும் மூட்டும் அதற்கேற்பப் பழகியிருக்கும். ஒரே நாளில் கோணத்தை மாற்றினால் வலியில் நிற்கவே முடியாது. குதிரைக் குளம்பு தெரிந்தவரை வைத்து முதலில் முன்நுனியைக் கொஞ்சம் குறைத்து, பிறகு நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை சீர்செய்து வாருங்கள். மாட்டுக்குக் குளம்பு வெட்டுபவருக்கு இது கைவராது. இன்னொன்று, பலவீனமான குதிரை மூன்று காலில் வெகுநேரம் நிற்காது. ஒரு நாளைக்கு ஒரு கால் என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. அடிக்குளம்பில் கறுப்பாகக் கசிந்து நாற்றம் வந்தால் அது அழுகல், காய்ந்த தரையும் தினசரி சுத்தமும்தான் அதற்குப் பாதி மருந்து. குளம்பு சூடாக இருந்து, முன்காலை ஊன்றப் பயந்தால் குளம்பழற்சியாக இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்காமல் வெட்ட விடாதீர்கள். புதுக் குளம்பு மேலிருந்து அடிவரை முழுதாக வளர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும்.

மென்றதைப் பாதியில் உருண்டையாகக் கீழே துப்பினால் பல்லில் கோளாறு. கடைவாய்ப் பல்லின் ஓரங்கள் கூராகி கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். அதை அரத்தால் ராவ வேண்டும், ஆனால் மயக்க ஊசி தாங்கும் அளவுக்குத் தேறிய பிறகு. அதுவரை தீனியைப் பொடியாக நறுக்கி நனைத்து வையுங்கள்.

தேறுகிறதா என்று கண்ணால் மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், தினமும் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு அளவு நாடா போதும். முன்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் சுமார் 265 கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்து எழுதுங்கள், ஒரே இடத்திலிருந்து ஒரு படமும் எடுத்து வையுங்கள். உடல்நிலைக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் கொடுக்கும் ஹென்னெக் அளவுகோல் 1983-இல் வந்தது, அதில் 5 என்றால் நல்ல நிலை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்கள் குதிரை 1 அல்லது 2. ஓரளவு நல்ல எடைக்கு வர மூன்று முதல் ஐந்து மாதம் ஆகலாம், தசை திரும்ப அதற்கும் மேல்.

உங்கள் மகன் கேட்டது கடைசியாக. இப்போது அந்தக் குதிரை சாதுவாக நிற்கிறதே, அது அதன் சுபாவமா பலவீனமா என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. ஒன்றிரண்டு மாதத்தில் தெம்பு வந்ததும் காதை மடக்கும், தீனிப் பக்கம் வந்தால் உதைக்கும், கடிக்கப் பார்க்கும். பலர் இந்தக் கட்டத்தில்தான் "கெட்ட குதிரை" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், அதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. அடுத்த வேளை தீனி வருமா என்று பயந்து கிடந்த உயிர் அது. நேரம் தவறாமல் தீனி வையுங்கள், தின்னும்போது யாரும் தொட வேண்டாம், வாளியை இடையில் எடுக்க வேண்டாம். நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் குதிரைக்குக் கண் தெரியாது. பேசிக்கொண்டே தோள் பக்கமாகப் போகச் சொல்லுங்கள். தொட்டுத் தடவி, அது விலகுவதற்கு முன் கையை எடுத்துவிடச் சொல்லுங்கள். தினம் பத்து நிமிடம் அருகில் உட்கார்ந்து படித்தால்கூடப் போதும், குரல் பழகிவிடும்.

ஏறுவது இப்போது இல்லை. முதுகுத் தசை கரைந்திருக்கும்போது சேணத்தின் பாரம் நேராக எலும்பில் இறங்கும். உடல்நிலை 4, 5 மதிப்பெண்ணுக்கு வந்து, குளம்பு நேராகி, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு கையில் பிடித்து நடத்திப் பழக்குங்கள். ஏறலாமா என்பதை அதற்கப்புறம், குதிரையைப் பழக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாம். ஆறு மாதத்துக்குள் ஆகாது என்று பையனிடம் இன்றே சொல்லிவிடுங்கள், எடை குறிக்கும் நோட்டை அவன் பொறுப்பில் கொடுங்கள்.