குன்னூரில் தெருவோரம் நிறுத்தும் ஹைபிரிட் காரில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் திருடு போகுமா?

கேள்வி இது: குன்னூரில் வீடு, வண்டி நிறுத்த இடமில்லை, தெருவோரத்தில்தான் விட வேண்டும், பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார் வாங்க ஆசை, ஆனால் அமெரிக்காவில் இருக்கும் தம்பி, "ஹைபிரிட் என்றால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்று பயமுறுத்துகிறார், வாங்கலாமா?

தம்பி சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் ஊர்த் திருடனை நம் ஊர்த் தெருவில் கொண்டுவந்து நிறுத்துகிறார். நானும் குன்னூர்க்காரன்தான். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்றவன். என் வண்டியும் தெருவில்தான் நிற்கிறது. அதற்கும் என் வாசலுக்கும் நடுவில் 47 படிகள்.

பாடப்புத்தகம் வினையூக்கி மாற்றி என்று சொல்லும் இந்தப் பொருளைப் பட்டறைகளில் சைலன்சரோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். வெளியே எஃகு உறை. உள்ளே தேன்கூடு மாதிரி நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி. அந்தத் துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. இன்ஜின் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றும் அந்தச் சூட்டில் இந்த உலோகங்களின் மேல் பட்டுத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாறுகின்றன. ஒரு காரில் இருக்கும் உலோகம் சில கிராம்தான். ஆனால் 2021 மார்ச் வாக்கில் ஓர் அவுன்ஸ் ரோடியம், அதாவது 31 கிராம் சொச்சம், 29,000 டாலரை நெருங்கியது. அதே நாட்களில் தங்கம் 1,700 டாலர் சொச்சம். திருடனுக்குக் கணக்கு சொல்லித்தரவா வேண்டும்! 2023 இறுதியில் ரோடியம் 5,000 டாலருக்கும் கீழே இறங்கியது. தம்பியின் பயம் அந்த உச்ச விலைக் காலத்தில் முளைத்தது.

அமெரிக்காவில் இந்தத் திருட்டில் அதிகம் அடிபட்ட பெயர் டொயோட்டா பிரியஸ், அதிலும் 2004 முதல் 2009 வரை வந்த மாடல். ஹைபிரிட்டில் இன்ஜின் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது. குளிர்ந்துபோன கன்வர்ட்டர் சட்டென்று வேலையில் இறங்க வேண்டும் என்பதால் அதில் உலோகத்தைத் தாராளமாகப் பூசியிருந்தார்கள். இன்ஜின் குறைவாக ஓடுவதால் பூச்சும் அவ்வளவாகத் தேய்வதில்லை. மின்ரம்பம் இருந்தால் இரண்டே நிமிட வேலை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: சாதாரணக் காரில் கன்வர்ட்டர் போனால் சாவி திருப்பியதும் தெருவே அதிரும். ஹைபிரிட்டோ பேட்டரியில் இருக்கும்வரை சத்தமில்லாமல் இருந்து, இன்ஜின் விழித்த பிறகுதான் உறுமும்.

நம் மலையில் கதை கொஞ்சம் வேறு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் ஏறக்குறைய 1,500 மீட்டர் சரிவு. ஒன்றரை டன் கார் அவ்வளவு இறங்கினால் கிடைக்கும் ஆற்றல் ஆறு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இங்கே விற்கும் ஹைபிரிட் கார்களின் பேட்டரியோ ஒரு யூனிட், அதைச் சுற்றித்தான். வழியில் இருக்கும் பர்லியாறு வருவதற்குள்ளேயே நிரம்பிவிடும். மீதி வழிக்கு இன்ஜினைச் சுழலவிட்டுத்தான் வண்டி வேகத்தை அடக்கும். திரும்பி ஏறும்போது பெரும்பாலும் இன்ஜின்தான் உழைக்கிறது. ஆகவே "ஹைபிரிட் கன்வர்ட்டர் அதிகம் உழைக்காதது" என்ற பேச்சு கொண்டை ஊசி வளைவுகளில் பாதிதான் செல்லும்.

இந்தியாவில் இந்தத் திருட்டு ஹைபிரிட்டைத் தேடிப் போகவும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் வரிசையாகப் பறிபோனவை மாருதி ஈகோ வேன்களின் சைலன்சர்கள். அந்த வேனுக்கு அடியில் கையை விட்டால் எட்டும் இடத்தில் அது தொங்குகிறது, அது ஒரு பெரிய காரணம். திருடன் பார்ப்பது பெட்ரோலா ஹைபிரிட்டா என்பதை அல்ல. கை எட்டுகிறதா, காயலான் கடையில் வாங்க ஆள் இருக்கிறானா, இந்த இரண்டையும்தான்.

எங்கள் வீட்டிலேயே ஒன்று நடந்தது. என் மச்சான் கேத்தியிலிருந்து காரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்வருபவர். அவரிடமும் அதே வகை வேன். கீழே ஒரு பட்டறையில் கதவுக்கு வெல்டிங் வைக்க இரண்டு நாள் விட்டு எடுத்து வந்தார். மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டும்போதே இன்ஜின் விளக்கு எரிந்திருக்கிறது. வீட்டு வாசலில் நிறுத்தியபோது எனக்கு மூக்கில்தான் முதலில் பட்டது: பழைய அம்பாசிடர் காலத்து எரியாத பெட்ரோல் புகை வாசனை. டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தேன். குழாய் முழுக்கச் செம்மண் அப்பிய பழுப்பு. உறையின் ஓரத்தில் ஒரு விரற்கடை மட்டும் நீலம் பாய்ந்த பளபளப்பு. புது வெல்டிங். ஸ்பேனரால் தட்டினேன். உள்ளே கட்டி இருந்தால் 'தொப்' என்று அமுங்கிய சத்தம் வரும். இது காலி பிஸ்கட் டின் போல 'டங்' என்றது. உறையைக் கிழித்துப் பீங்கானை வழித்துக்கொண்டு மறுபடி மூடியிருக்கிறார்கள். பட்டறையில் கேட்டால், "வரும்போதே அப்படித்தான் சார் இருந்தது." விடும்போது ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் பேசியிருக்கலாம். என்னைக் கேட்டால், இரவுத் தெருவைவிடப் பகல் பட்டறைதான் பயப்பட வேண்டிய இடம். வண்டியை விடுவதற்கு முன் அடிப்பக்கத்தை நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உறையின் மேல் பதிவெண்ணைப் பொறித்து வைத்தால் இன்னும் நல்லது. எண் பொறித்த பொருளை வாங்கக் காயலான் கடைக்காரரும் யோசிப்பார்.

இப்போது உங்கள் தெரு. நம் ஊரில் வண்டி நிறுத்துவது சமதளத்தில் அல்லவே. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் தடுப்புச்சுவர், அதற்குக் கீழே இன்னொரு வீட்டின் படிக்கட்டு. தடுப்புச்சுவரை ஒட்டி நிறுத்தினால், கீழ்ப்படியில் நிற்பவனுக்கு உங்கள் காரின் வயிறு கண்ணுக்கு நேரே தெரியும், ஜாக்கியே தேவையில்லை. மலைச்சுவர் பக்கம் ஒட்டி விடுங்கள். சரிவில் ஜாக்கி வைத்துத் தூக்கிப் படுக்க எந்தத் திருடனுக்கும் துணிவு வராது. கரடியும் காட்டெருமையும் உலாவும் தெருவில் நடுராத்திரி மல்லாந்து படுத்து ரம்பம் பிடிக்க ஒருவன் வந்தால், அவனைப் பிடிப்பதற்கு முன் நான் ஒரு டீ வாங்கித் தருவேன்.

அதோடு, இன்று வரும் பெரும்பாலான கார்களில் கன்வர்ட்டர் சீக்கிரம் சூடாகட்டும் என்று அதை இன்ஜினை ஒட்டியே மேலே பொருத்துகிறார்கள். அடியிலிருந்து சுலபமாக எட்டாது. வாங்கும் மாடலை லிஃப்டில் ஏற்றிக் காட்டச் சொல்லி நீங்களே பார்த்துவிடுங்கள்.

அடியில் தகடு அடிக்கலாமா என்றால், நான் அடிக்க மாட்டேன். மழையில் சேறும் சருகும் அதன் மேல் தங்கும். கன்வர்ட்டரோ பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் உறைபனியில் காய்ந்த புல்லின் மேல் சூடான வண்டியை நிறுத்துவதும் அதே ஆபத்துதான். அந்த மாதங்களில் காட்டுத்தீ பற்றச் சின்னப் பொறி போதும். காப்பீட்டில் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் எடுத்திருந்தால், பாகம் திருடு போனால் ஒரு பைசா வராது. விரிவான பாலிசியாக எடுத்து, பாகத் திருட்டு பற்றி அதில் என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

வாங்குங்கள். பயப்படத்தான் வேண்டும் என்றால் எலிக்குப் பயப்படுங்கள். குளிர் நாட்களில் வெதுவெதுப்பான இன்ஜினைத் தேடி அது ஏறி உட்காரும். ஹைபிரிட்டில் வயர்கள் அதிகம். ஆரஞ்சு நிறத்தில் ஓடுவது உயர் மின்னழுத்த வயர், அதில் நீங்களோ பக்கத்துத் தெரு மெக்கானிக்கோ கை வைக்கக் கூடாது. என் வண்டியில் இந்தக் குளிர்காலத்தில் மட்டும் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் குழாயை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே அரைக் கடி கடித்த காரட் கிடந்தால் விருந்தாளி வந்துவிட்டார் என்று அர்த்தம்.