மோனோரயில் ஓட்டலுக்காகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: டல்லாஸில் எச்1பி விசாவில் வேலை. பையனுக்கு 6 வயது, பாப்பாவுக்கு வரும் பிப்ரவரியில் 3 முடிகிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்ட் போக ஆசை. பார்க்குக்குப் போகும் மோனோரயில் (ஒற்றைத் தண்டவாள ரயில்) வந்து நிற்கும் ஓட்டலில் 5 இரவு, பார்க் டிக்கெட்டோடு 8,400 டாலர் ஆகும் என்கிறார் ஏஜென்ட்; விமானம் தனி. கையில் 3,000தான் இருக்கிறது. மீதியை கிரெடிட் கார்டில் போடுவதா, 401(கே) ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து கடன் எடுப்பதா?

பதில்: இரண்டும் வேண்டாம். 5,400 டாலரை 22 சதவீத வட்டி கார்டில் போட்டு மாதம் 200 கட்டினால் முடிய 38 மாதம் ஆகும், வட்டி மட்டும் 2,100 டாலருக்கு மேல். அதற்குள் பையனுக்கு ஒன்பது வயது தாண்டிவிடும். பத்தில் அங்கே பெரியவர் டிக்கெட். 401(கே) கடன் பார்க்க மலிவுதான், ஆனால் வேலை போனால் பாக்கியை அந்த வருட வரித் தாக்கல் கெடுவுக்குள் கட்ட வேண்டும், இல்லையென்றால் வரியும் அதன்மேல் 10 சதவீத அபராதமும் வரும். விசாவையும் நினைத்துக்கொண்டு ஓடும்போது இந்தத் தலைவலி எதற்கு?

சரி, ஆசையை விடச் சொல்லவில்லை, தேதியைத்தான் மாற்றச் சொல்கிறேன். 2018 அக்டோபரிலிருந்து அங்கே டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறுகிறது, கிறிஸ்துமஸ் வாரம் உச்சம். ஜனவரி கடைசியில் டிக்கெட்டும் அறை வாடகையும் நன்றாக இறங்கியிருக்கும், பாப்பாவுக்கும் அப்போது மூன்று முடிந்திருக்காது. மூன்றுக்குக் கீழே டிக்கெட்டே கிடையாது; பிறந்தநாள் கழித்துப் போனால் அவளுக்கும் கிட்டத்தட்ட முழு விலை. பையன் ஒன்றாம் வகுப்பில் நாலு நாள் லீவு போட்டால் ஒன்றும் ஆகிவிடாது (டீச்சர் என்ன சொல்வாரோ, அது உங்கள் பாடு).

அடுத்தது மோனோரயில். 1971 அக்டோபர் 1 அன்று டிஸ்னி வேர்ல்டின் முதல் பார்க்கான மேஜிக் கிங்டம் திறந்தபோதே கார் நிறுத்துமிடத்தை ஏரிக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். காரை விட்டு மோனோரயிலிலோ படகிலோ ஏரியைக் கடந்தால்தான் பார்க் வாசல். படகில் நின்றபடி கோட்டை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாவதைப் பார்க்கும்போது என்னோடு வந்த குழந்தைகள் ரைடையே மறந்துவிட்டார்கள். விஷயம் என்னவென்றால், மோனோரயில் ஏற யாரும் காசு கேட்பதில்லை, எந்த ஓட்டலில் தங்கினாலும் ஏறலாம். நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது, அது உங்கள் ஓட்டலுக்குள்ளேயே வந்து நிற்பதற்கு. அதற்குப் பதில் பாப் செஞ்சுரி மாதிரி மலிவு வகை ஓட்டல் பாருங்கள். 2019இல் வந்த ஸ்கைலைனர் கேபிள் கார் அங்கிருந்து எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் போகிறது, மற்ற பார்க்குகளுக்கு பஸ், எல்லாமே இலவசம்.

ஒன்று மட்டும் ஏஜென்டிடம் கேளுங்கள்: விமான நிலையத்திலிருந்து எப்படிப் போவது? 2005 முதல் டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்களை இலவச பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். வாடகைக் கார் இல்லாதவன் வெளியே போய்ச் செலவு செய்ய மாட்டான் என்பதுதான் கணக்கு. 2022 தொடக்கத்தோடு அது நின்றுவிட்டது. பழைய நினைப்பில் விமான நிலையம் போய்வரும் செலவைக் கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் 8,400இல் அது இருக்காது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் ரைடு. 1971இல் நுழைவு 3.50 டாலர், ரைடுக்குத் தனிச் சீட்டு, ஏ முதல் ஈ வரை. பெரிய ரைடுக்கான ஈ சீட்டு 90 சென்ட். 1982இல் அதை எடுத்துவிட்டு ஒரே டிக்கெட்டில் எல்லாம் என்றார்கள். 1999இல் வரிசையைத் தவிர்க்கும் ஃபாஸ்ட்பாஸ் இலவசமாக வந்தது, 2021இலிருந்து அதற்கும் காசு, இப்போது பெயர் லைட்னிங் லேன். சுற்றிச் சுற்றி ஈ சீட்டுக்கே வந்துவிட்டார்கள்! அதை வாங்கும் முன் பையனைச் சுவரோரம் நிறுத்தி அளந்து பாருங்கள். ஸ்பேஸ் மவுண்டன் ரைடுக்குக் குறைந்தது 44 அங்குல உயரம் வேண்டும், செவன் ட்வார்ஃப்ஸ் ரயிலுக்கு 38. பாப்பா அநேகமாக இரண்டிலும் ஏற முடியாது, ஆகவே உங்களில் ஒருவர் அவளோடு வெளியே நிற்க வேண்டும். ரைடர் ஸ்விட்ச் கேளுங்கள், முதல் ஆள் திரும்பியதும் மற்றவர் வரிசையில் முதலிலிருந்து நிற்காமல் ஏறலாம், அதற்குக் காசு இல்லை.

ஜனவரி கடைசி, மலிவு ஓட்டல், விமான நிலையம் போய்வரும் செலவு, பாப்பாவுக்கு டிக்கெட் இல்லை என்று சொல்லிப் புதுக் கணக்கு வாங்குங்கள். அதிலும் 3,000க்கு மேல் எவ்வளவு வருகிறதோ அதை இன்றிலிருந்து மாதாமாதம் தனியே எடுத்து வையுங்கள். ஜனவரிக்குள் சேரவில்லையென்றால் இரவு ஐந்தை மூன்றாக்குங்கள்.