பழைய கிளென் கிராண்ட் புட்டியை வாங்கலாமா?

லெஸ்டரில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “காலமான முதியவர் ஒருவரின் வீட்டுப் பொருள்களை விற்பவர், 12 ஆண்டு கிளென் கிராண்ட் சிங்கிள் மால்ட் விஸ்கிப் புட்டி ஒன்றைக் காட்டினார். திருகு மூடி, லேபிளில் 26⅔ திரவ அவுன்ஸ், 70 டிகிரி ப்ரூஃப் என்று இருக்கிறது. 1960-களில் அடைத்தது, ஆகவே இப்போது அதன் வயது எழுபதைத் தாண்டிவிட்டது என்கிறார். நம்பி வாங்கலாமா?”

எழுபது என்ற கணக்கை முதலில் தள்ளிவிடுங்கள். விஸ்கி முதிர்வது ஓக் மரப் பீப்பாயில்தான். கண்ணாடிக்குள் வந்த நாளோடு அதன் வயது நின்றுவிடுகிறது. உங்கள் புட்டியில் இருப்பது அன்றும் இன்றும் 12 ஆண்டு விஸ்கிதான்.

அடைத்த காலத்தை லேபிளே ஓரளவு சொல்லிவிடும். 26⅔ திரவ அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 758 மில்லிலிட்டர். 70 டிகிரி பிரிட்டிஷ் ப்ரூஃப் என்பது 40 சதவீத ஆல்கஹால். பிரிட்டனில் 1980 முதல் ப்ரூஃப் அளவுக்குப் பதிலாகச் சதவீதமும், அவுன்ஸுக்குப் பதிலாக 75 சென்டிலிட்டரும் வழக்கத்துக்கு வந்தன. இன்றைய 70 சென்டிலிட்டர் புட்டி 1990-களின் தொடக்கத்தில் நிலைபெற்றது. மெட்ரிக் அளவு எதுவும் இல்லாத லேபிள் என்பதால் உங்கள் புட்டி 1970-களின் பிற்பகுதிக்கு முந்தியது என்று கொள்ளலாம். ஆனால் 1960-கள்தான் என்று உறுதியாகச் சொல்ல இது போதாது. நெம்பித் திறக்கும் பழைய ஸ்பிரிங் மூடி இருந்திருந்தால் அப்படிச் சொல்லத் துணிந்திருப்பேன். திருகு மூடியைப் பார்க்கும்போது 1970-களின் முற்பகுதி என்றே மதிப்பிடுவேன். விலையையும் அதற்கேற்பப் பேசுங்கள்.

அடுத்து, புட்டியை நிமிர்த்தி வைத்து, பின்னால் ஒரு விளக்கைப் பிடித்து, திரவம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கழுத்தின் அடியில் நின்றால் மிக நன்று. தோளின் மேற்பகுதி வரை இறங்கியிருந்தாலும் அரை நூற்றாண்டுப் புட்டிக்கு அது இயல்பே. தோளுக்கும் கீழே போயிருந்தால் மூடி வழியே ஆல்கஹாலும் மணமும் கசிந்திருக்கும். அதை நான் வாங்கமாட்டேன். மூடியின் விளிம்பில் துருவோ பிசுபிசுப்போ இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

போலி பற்றிய அச்சம் நியாயமானதுதான். 2018-இல் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம், அரிய விஸ்கி எனப்பட்ட 55 புட்டிகளைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்தபோது, 21 புட்டிகள் முழுப் போலியாகவோ சொல்லப்பட்ட ஆண்டில் வடிக்கப்படாதவையாகவோ இருந்தன. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் பெருகியது. அந்தக் காற்றில் விளைந்த பார்லியும், அதிலிருந்து வடித்த விஸ்கியும் அந்தத் தடயத்தைச் சுமக்கின்றன; அதைக்கொண்டு வடித்த காலத்தைக் கணிக்கலாம். எனினும் போலி செய்பவர்கள் பெரும்பாலும் குறிவைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புட்டிகளையும், மக்காலன் போன்ற பெருவிலைப் பெயர்களையும்தான். சாதாரண 12 ஆண்டு கிளென் கிராண்டில் அந்த உழைப்புக்கு ஆதாயம் குறைவு. சிலர் புற ஊதா விளக்கு அடித்து, லேபிள் நீலமாக ஒளிர்ந்தால் போலி என்று தீர்ப்பளிப்பார்கள். 1930-கள் எனச் சொல்லப்படும் லேபிளுக்கு அது வலுவான சந்தேகம். அப்படி ஒளிரும் வெண்மையூட்டிகள் காகிதத்தில் பரவிவிட்ட பிறகு அச்சான உங்கள் லேபிளுக்கு அது பொருந்தாது.

நான் இத்தகைய புட்டிகளை வாங்குவது குடிப்பதற்காகவே. ஏல விலைகள் 2022-க்குப் பிறகு இறங்கியிருக்கின்றன. இலாபக் கணக்குப் போட்டு வாங்காதீர்கள். வாங்கினால் வெயில் படாத குளிர்ந்த இடத்தில் நிறுத்தியே வையுங்கள். ஒயினைப் போலப் படுக்க வைத்தால் ஆல்கஹால் மூடியின் உட்பட்டையை அரிக்கும். திறந்தவுடன் உலோக வாடையோ பழைய அலமாரியின் வாடையோ எழுந்தால் கொட்டிவிடாதீர்கள். ஒரு கோப்பையில் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுவைத்து மறுபடி முகர்ந்து பாருங்கள். பெரும்பாலும் அதற்குள் வாடை விலகி, பழமும் தேன்மெழுகும் கலந்த மணம் மேலெழும்பிவிடும்.